சிவப்புக் கன்றும் வெள்ளைக் குட்டியும்

திருவாரூரிலிருந்து தெற்கே திருத்துறைப்பூண்டி போகிற சாலையில் வைகாசி மாதத்தில் பச்சையைத் தேடக் கூடாது. சம்பா அறுப்பு தை, மாசியிலேயே முடிந்துவிடும். அந்த ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் சித்திரைக்குள் வீடு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வரும்வரை வயல் வெறும் மண்தான். களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விடலாம். அந்த வெட்டவெளியில் அந்த மாதங்களில் உயிரோடு நடமாடுகிறவை ஆட்டுக்கிடைகள். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு, 150 கிலோமீட்டருக்கு மேல் மேய்த்தபடியே வந்து, அறுத்த வயல்களில் தங்குகிறார்கள். பகலில் மேய்ச்சல், இரவில் யாராவது ஒரு விவசாயியின் வயலில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு. அதற்கான கூலி கீதாரிக்கு. ‘ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்று இந்தப் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். சொல்வதோடு நிற்காமல் கீதாரி வரும் நாளை எதிர்பார்த்துக் காத்தும் இருக்கிறார்கள்.

நான் போனது ஆடு பார்க்க இல்லை. உம்பளச்சேரி மாடு பார்க்க. நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறு பக்கம் உம்பளச்சேரி என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரையே இனத்துக்கும் வைத்துவிட்டார்கள். குட்டையான கால், உறுதியான குளம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நான்கு கால்களிலும் வெள்ளை. சேற்றில் இறங்கினால் முழங்கால் புதையும் வயல்களில் நாள் முழுக்க உழுது பழகிய உடம்பு. பால் அதிகம் கிடையாது. நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர் கறந்தால் பெரிது. டிராக்டர் வந்த பிறகு உழவு மாட்டுக்கு வேலையும் போய்விட்டது. திருத்துறைப்பூண்டியை அடுத்த கொருக்கையில் இந்த இனத்துக்கென்றே அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறது. ஆனால் ஒரு மாட்டினம் பண்ணைக்குள் மட்டும் இருந்தால் போதாது, வீட்டுக் கொட்டிலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதனால் பண்ணையைச் சீக்கிரமே பார்த்து முடித்துக்கொண்டு, உள்ளே போகும் கப்பிச் சாலைகளில் வீடு வீடாக விசாரித்தபடி போனேன்.

உம்பளச்சேரிக் கன்றைப் பற்றி முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தாய் சாம்பல் நிறமாக இருந்தாலும் கன்று சிவப்பாகவோ செம்பழுப்பாகவோதான் பிறக்கும். ஆறு மாதத்துக்குள் அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறிச் சாம்பல் ஏறிவிடும். நிறத்தைப் பார்த்தே கன்றின் வயதைத் தோராயமாகச் சொல்லிவிடுவார்கள்.

அப்படி ஒரு சிவப்புக் கன்றைத்தான் அரிச்சந்திரா நதியைத் தாண்டியதும் ஒரு சிற்றூரில், தென்னங்கீற்று வேய்ந்த கொட்டிலில் பார்த்தேன். கிடேரி. மூன்று மாதம் இருக்கும். கழுத்தடியில் சாம்பல் லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. கால்களை மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் முதுகின் மேல், நான்கு குளம்புகளையும் நெருக்கி வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைச் செம்மறிக்குட்டி நின்றுகொண்டிருந்தது.

தாய் ஆடு படுத்திருந்தால் குட்டிகள் முதுகில் ஏறி விளையாடும். கிடையில் அதை எப்போதும் பார்க்கலாம். மாட்டுக் கன்றின் முதுகில் ஏறி நிற்கும் குட்டியை அன்றுதான் பார்த்தேன். கன்று தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டி சற்று நேரம் நின்றது, சறுக்கி இறங்கியது, கன்றின் முகத்துக்கு நேராகப் போய் நின்றது. கன்று நாக்கை நீட்டி அதன் காதிலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பாக நக்கியது. மாட்டு நாக்கு அரம் போன்றது. குட்டியின் மயிர் நனைந்து சுழி சுழியாகப் படிந்திருந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றது.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் மாட்டைப் பார்க்க வந்தேன் என்றதும் திண்ணையில் உட்காரச் சொன்னார்; மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு கொட்டிலைக் காட்டி, “மாட்டைத்தான் பாக்க வந்தீங்க, ஆனா எல்லாரும் இதுங்களைப் பாத்துட்டுத்தான் போறாங்க தம்பி” என்றார்.

குட்டி அவருடையது இல்லை. மாசி முடிவில் அவருடைய வயலில் கிடை போட்டிருந்த கீதாரியுடையது. கிடையில் ஒரு ஆடு குட்டி போட்ட மூன்றாம் நாள் செத்துப்போனது. முதல் நாளே சீம்பால் குடித்துவிட்டதால் குட்டி பிழைத்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நோய் எதிர்ப்பு கருவிலேயே குட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் போகிறது. அதுகூடக் கிடைக்காத குட்டியைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். தாயில்லாக் குட்டிகளுக்காகவே கீதாரிகள் செம்மறி மந்தையில் சில வெள்ளாடுகளையும் வைத்திருப்பார்கள். வெள்ளாட்டின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு குட்டியை ஊட்டவிடுவது வழக்கம். அந்த முறை இருந்த ஒன்றிரண்டு வெள்ளாடுகளும் சொந்தக் குட்டிகளோடு இருந்தன. மீதிப் பால் இல்லை. கிடையோ அடுத்த ஊருக்கு நகர வேண்டும். இரண்டரைக் கிலோகூட இல்லாத குட்டியைக் கீதாரி கையில் தூக்கிக்கொண்டு வந்து, “ஆத்தா, ஒங்க வீட்டுல கறவை இருக்கு. ஒரு மாசம் வச்சுக் காப்பாத்திக் குடுங்க. திரும்புற வழியில வாங்கிக்கிறேன்” என்று கேட்டிருக்கிறார்.

“நான் பாட்டில்ல பால் குடுத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சேன். ஆனா வயிறு நெறைஞ்சாலும் கத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. அடுப்படியில சாக்கு விரிச்சுப் போட்டேன், அப்பவும் கத்துச்சு. ராத்திரியெல்லாம் யாருக்கும் தூக்கமில்ல. ரெண்டாம் நாளு பொறுக்க முடியாம தூக்கிட்டுப்போயி கன்னுக்குட்டிக்குப் பக்கத்துல விட்டேன். அவ்வளவுதான். சத்தம் நின்னுபோச்சு.”

அந்தக் கன்றும் அப்போது தனியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த வீட்டில் ஒரே மாடு. ஒரே கன்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது, அந்த வீட்டில் நான்கு மாடுகள் இருந்தன. தென்னை மரம் கொட்டிலின் மேல் விழுந்து மூன்று செத்துவிட்டன. மிஞ்சியதன் வழியில் வந்தது இப்போதுள்ள தாய்ப்பசு. காலையில் கறந்து முடித்ததும் பசுவை மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவார்கள். கன்றும் கூடப் போனால் பாலைக் குடித்துவிடும் என்று அதைக் கொட்டிலில் கட்டிவிடுவார்கள். சாயங்காலம் வரை அது தனியாக நிற்கும். இது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். யாரும் அதைக் கொடுமையாக நினைத்துச் செய்வதில்லை. பாட்டியும் நினைக்கவில்லை. ஆனால் குட்டி வந்த பிறகுதான், கன்று அதுவரை கட்டுத்தறியின் கயிற்றையே மென்றுகொண்டு நின்றது தன் நினைவுக்கு வந்தது என்றார். குட்டி வந்த வாரத்திலேயே அது கயிற்றை மெல்லுவதை விட்டுவிட்டதாம்.

அன்று சாயங்காலம் கிடையைத் தேடிப் போனேன். கீதாரி சுற்றிவிட்டு அதே ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தார். இரண்டு வயல் தள்ளித்தான் கிடை. வெயில் தாழும் நேரம். கிடையைப் பார்க்காதவர்களுக்கு அந்த நேரத்தை எழுதிக் காட்டுவது சுலபமில்லை. முந்நூறு ஆடுகள் மேய்ச்சலிலிருந்து வருகின்றன. நாள் முழுக்க நடக்க முடியாத சிறு குட்டிகளை மூங்கில் கூட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். மந்தை நெருங்கும்போதே கூட்டுக்குள் கத்தல் தொடங்கிவிடுகிறது. வெளியே தாய்கள் கத்துகின்றன. கூட்டைத் தூக்கியதும் குட்டிகள் சிதறி ஓடுகின்றன. எதிரே முந்நூறு ஆடுகள், எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை. ஆனால் சில நிமிடங்களில் ஒவ்வொரு குட்டியும் அதனதன் மடியில் முட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் குரல், கிட்டே வந்ததும் வாசனை. குட்டி மடியில் வாய் வைத்ததும் தாய் தலையை வளைத்து அதன் வாலடியை முகர்ந்து பார்க்கிறது. தன்னுடையது என்றால் நிற்கிறது. இல்லையென்றால் ஒரே முட்டு; குட்டி தூரப் போய் விழுகிறது.

ஆடு ஈன்ற முதல் சில மணி நேரத்துக்குள் குட்டியை நக்கி நக்கி அதன் வாசனையைப் பதித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வேறு குட்டியை ஏற்பது அரிது. செத்த குட்டியின் தோலை உரித்துத் தாயில்லாக் குட்டிமேல் போர்த்தி ஊட்டவிடுகிற வித்தையை உலகம் முழுக்க இடையர்கள் கண்டுபிடித்தது இதனால்தான். நம் ஊரிலும் கன்று செத்த பசுவுக்கு வைக்கோல் அடைத்த தோல் கன்றைக் காட்டிப் பால் கறந்தவர்கள் உண்டு. தாயின் மனத்தில் கதவு அவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது. குட்டிக்கு அப்படியில்லை. அதன் கதவு வாரக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. யார் பக்கத்தில் சூடாகப் படுத்திருக்கிறார்களோ, யார் விலகாமல் இருக்கிறார்களோ, அவர்களைத் தன் இனமாக எடுத்துக்கொள்கிறது.

கீதாரிக்கு ஐம்பது வயது இருக்கும். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கல் கூட்டிய அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அந்தக் குட்டியைப் பற்றிக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது, கவலையும் வந்தது.

“வெள்ளாட்டுக்குட்டியா இருந்தா இப்பிடி ஆயிருக்காதுங்க. அது ஒரு பொதரு ஓரமா சத்தங்காட்டாமப் படுத்துக் கெடக்கும். தாயி வந்து கூப்புட்டாத்தான் எந்திரிக்கும். செம்மறிக்குட்டி அப்பிடி இல்ல. பொறந்து கால் ஊனுனதும் யாரு பின்னாடியாச்சும் போயிக்கிட்டே இருக்கணும் அதுக்கு. தனியா இருக்கத் தெரியாது.”

விலங்கு நடத்தையைப் படிக்கிறவர்கள் சொல்வதும் இதுவேதான். சில இனங்களின் குட்டிகள் பிறந்த முதல் நாட்களில் ஒளிந்து படுத்துக்கொள்கின்றன. சில இனங்களின் குட்டிகள் தாயைத் தொடர்ந்தே நடக்கின்றன. வெள்ளாட்டுக்குட்டியும் மாட்டுக் கன்றும் ஒளிகிற வகை. செம்மறிக்குட்டி தொடர்கிற வகை. அடுத்த நாள் காலையில் கொட்டிலில் உட்கார்ந்து பார்த்தபோது கீதாரி சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தாலும் ஒன்றாக இருக்கும் விதம் இரண்டுக்கும் வேறு. கன்று ஒரு இடம் பார்த்துப் படுக்கிறது. குட்டி அதை விட்டு நாலு அடி போகிறது, திரும்பிப் பார்க்கிறது, ஓடி வருகிறது. கன்று எழுந்தால் குட்டியும் எழுகிறது. கன்று தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் தாகமில்லாவிட்டாலும் குட்டியும் போகிறது. கன்று நக்குகிறது, குட்டி ஒருபோதும் திருப்பி நக்குவதில்லை. மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுத்துப் பழகும் இனம். செம்மறிகள் பிறந்த குட்டியை நக்குவதோடு சரி. அதனால் கன்று தன் முறையில் அன்பு காட்டுகிறது, குட்டி தன் முறையில் காட்டுகிறது. கன்று கழுத்தை நீட்டிச் சொறியக் கேட்கும்போது குட்டிக்கு அது புரிவதில்லை. ஆனால் தன் தலையை அந்தக் கழுத்தடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. கன்றுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

விளையாட்டும் அப்படித்தான். கன்று வாலைத் தூக்கிக்கொண்டு, பின்னங்கால்களை உதறி, கொட்டிலுக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே நேராக ஓடும். குட்டி நின்ற இடத்திலிருந்தே நான்கு காலையும் ஒன்றாக எடுத்து மேலே துள்ளும். கன்று தலையைத் தாழ்த்தி முட்ட வரும்போது குட்டியும் தலையைத் தாழ்த்தும். கன்றின் எடை குட்டியைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். முட்டினால் குட்டி தாங்காது. கன்று கடைசி நொடியில் நின்றுவிடுகிறது. நெற்றியைச் சும்மா கொண்டுபோய் வைக்கிறது. குட்டி தன் முழுப் பலத்தோடு தள்ளுகிறது. நான் இதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தடுத்தும் அப்படியே நின்றது.

தாய்ப்பசு மட்டும் இந்த உறவுக்கு வெளியே நின்றது. சாயங்காலம் கன்று ஊட்டும்போது குட்டி இன்னொரு பக்கத்துக் காம்பைத் தேடிப் போனது. பசு குனிந்து முகர்ந்து, மூஞ்சியால் தள்ளிவிட்டது. உதைக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. குட்டி கன்றுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டது. இது பல நாளாக நடப்பது என்று பாட்டி சொன்னார். தனக்கு இடம் கன்றோடுதான், பசுவோடு இல்லை என்பதைக் குட்டி தெரிந்துவைத்திருக்கிறது. பாட்டி ஒரு லோட்டாவில் கறந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். செம்மறிப் பால் மாட்டுப்பாலை விடக் கெட்டி, கொழுப்பும் கூடுதல். மாட்டுப்பாலில் வளரும் குட்டி கொஞ்சம் மெலிவாகத்தான் வரும். இந்தக் குட்டி ஒன்றரை மாதத்தில் புல்லும் கடிக்கப் பழகியிருந்தது. கன்று எதைக் கடிக்கிறதோ அதையே கடித்தது.

இதை நட்பு என்று சொல்லலாமா, வெறும் பழக்கம்தானா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. எனக்குச் சந்தேகமில்லை. கீதாரி சொன்ன ஒரு சம்பவம் அதற்குப் போதும். நான் போவதற்குச் சில நாள் முன்பு, குட்டி தேறிவிட்டதே என்று அதைக் கிடைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதன் வயதொத்த குட்டிகள் அங்கே முப்பது, நாற்பது இருந்தன. அவை சாயங்காலம் கூட்டமாக ஓடிப் பிடித்து விளையாடும் நேரம் வேறு. இது கிடையைச் சுற்றிக் கட்டிய வலையோரம் நின்று, வீடு இருக்கும் திசையைப் பார்த்து இரவெல்லாம் கத்தியிருக்கிறது. விடிந்து வலையைத் திறந்ததும் மந்தை மேய்ச்சலுக்குக் கிழக்கே போக, இது மட்டும் மேற்கே வரப்பில் ஏறி, இரண்டு வயல் தாண்டி, நேராகக் கொட்டிலுக்கு ஓடிவிட்டது. தன் இனத்தைச் சேர்ந்த முந்நூறு பேர் ஒரு பக்கம், அந்தச் சிவப்புக் கன்று ஒரு பக்கம். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தது, தேர்ந்தெடுத்தது.

இதைக் கேட்டபோது எனக்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ நினைவுக்கு வந்தது. லாஸ் குரூசஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஹோர்னாடா என்ற பாலைப்புல்வெளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1912-லிருந்து நடப்பது. அங்கே ஆடுகளைக் கொயோட்டி என்னும் ஓநாய் வகை விலங்கு அடித்துக்கொண்டே இருந்தது. 1980-களில் அங்குள்ள அறிவியலாளர்கள் இளம் செம்மறிக்குட்டிகளை இளம் கிடேரிகளோடு ஒரே பட்டியில் இரண்டு மாதம் போல் அடைத்து வளர்த்தார்கள். பிறகு திறந்தவெளியில் விட்டபோது அந்த ஆடுகள் மாடுகளை விட்டுப் பிரியவில்லை. மாடு போகும் இடமெல்லாம் போயின. ஆபத்து வந்தால் மாடுகளின் நடுவே போய் நின்றன. கொயோட்டிக்கு இரையாவதும் குறைந்தது. சின்ன வயதில் பக்கத்தில் படுத்தவரைப் பெரியதான பிறகும் விடுவதில்லை என்பதை அவர்கள் பரந்த மேய்ச்சல் நிலத்தில் பார்த்தார்கள்; அதையே இங்கே ஒரு பாட்டி தன் கொல்லையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செம்மறியை மந்தபுத்திக்கு உதாரணம் காட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அது பெரிய அநியாயம். கேம்பிரிட்ஜுக்கு அருகில் உள்ள பாப்ரகாம் ஆய்வு நிலையத்தினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், செம்மறிகள் 50 வேறு செம்மறிகளின் முகங்களை இரண்டு வருடத்துக்கு மேல் நினைவில் வைத்திருந்ததைக் காட்டினார்கள். கன்றைப் பற்றிய ஆய்வு இன்னும் நெருக்கமானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2014-ல் வெளியிட்டது. தனித்தனியே அடைத்து வளர்த்த கன்றுகளையும், துணையோடு வளர்த்த கன்றுகளையும் வைத்துப் பரிசோதித்தார்கள். முதலில் கற்றுக்கொடுத்த ஒரு விதியை இரண்டு வகையும் கற்றுக்கொண்டன. அந்த விதியை மாற்றியபோது, தனியே வளர்ந்தவை திணறின. துணையோடு வளர்ந்தவை சீக்கிரம் பிடித்துக்கொண்டன. புதிய பொருளைக் கண்டால் பழகிக்கொள்வதும் அவற்றுக்கு எளிதாக இருந்தது. துணை என்பது கன்றுக்குப் பொழுதுபோக்கு இல்லை. அதன் அறிவு வளர்வதற்கே துணை வேண்டும். பால், தண்ணீர், நிழல் இவற்றோடு துணையையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் உறுதியாக நம்பத் தொடங்கியது அந்தக் கொட்டிலில்தான்.

இப்படிப்பட்ட ஜோடிகளின் படத்தைப் பார்த்து நாம் வியக்கிறோம். ஆனால் பெரும்பாலும் அவற்றின் பின்னே ஒரு சாவோ பிரிவோ இருக்கிறது. தாய் செத்த குட்டி, தாயிடமிருந்து பகல் முழுக்கப் பிரித்துக் கட்டிய கன்று. அவற்றுக்குத் தம் இனத்துணை கிடைத்திருந்தால் இந்த நட்பு ஏற்பட்டிருக்காது. கிடைக்காத இடத்தில் எதிரே இருந்த உயிரை ஏற்றுக்கொண்டனவே, அந்தப் பெருந்தன்மை இளம் உயிர்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. முந்நூறு ஆடுகளில் ஒன்றுகூட அந்தக் குட்டியை ஏற்கவில்லை. வேறு இனத்துக் கன்று ஏற்றது.

ஆனால் கிடை போகத்தானே வேண்டும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணை வந்து, ஆறுகள் பிரிந்து, இந்தக் கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாளாகும். இருந்தாலும் உழவு தொடங்கும் முன் கீதாரிகள் கிளம்பிவிட வேண்டும். நான் இருந்தபோது அந்தப் பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது.

“ஏப்பா கீதாரி, குட்டிய எங்கிட்டயே விட்டுட்டுப் போயேன். வெலையச் சொல்லு, குடுத்துடுறேன்” என்றார் பாட்டி.

“என் குட்டியா இருந்தா சும்மாவே விட்டுருவேன் ஆத்தா. மந்தையில பாதி அடுத்தவுங்க ஆடு. இது அவுக ஆட்டோட குட்டி, அதுலயும் பொட்டக்குட்டி. நாளைக்கு ஈனப்போறது. கணக்குக் குடுக்கணுமில்ல.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிடை என்பது பல குடும்பங்களின் சொத்து. பெட்டைக்குட்டி ஒவ்வொன்றும் அதன் முதல். இன்னொன்றையும் அவர் யோசித்திருந்தார். மாட்டோடு தனியே வளரும் செம்மறி, பெரியதான பிறகு கிடாயோடு சேராமல் போகலாம், குட்டி போட்டால் அதை வளர்க்கத் தெரியாமல் போகலாம் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஆடு ஆடாகவும் வாழ வேண்டும் என்றார்.

இரண்டு பேரும் கோபமில்லாமல் வெகு நேரம் பேசினார்கள். கடைசியில் வழி சொன்னது கீதாரியின் மனைவி. குட்டியை மந்தைக்குக் கொண்டுபோவதற்குப் பதில், மந்தையிலிருந்து அதே வயதுக் குட்டிகள் இரண்டைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து விடலாம். கன்றோடு இருந்தபடியே அது குட்டிகளோடும் பழகட்டும். பழகியதும் மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். அன்று மாலையே அவர் இரண்டு குட்டிகளை இடுக்கிக்கொண்டு வந்தார். முதல் ராத்திரி அவை ஒரு மூலையிலும், கன்றும் குட்டியும் ஒரு மூலையிலும் படுத்தன. நான் ஊர் திரும்பும் காலையில் மூன்று குட்டிகளும் படுத்திருந்த கன்றின் முதுகில் ஏற முயன்றுகொண்டிருந்தன. இடம் போதவில்லை.

மீதியைத் தொலைபேசியில் கேட்டறிந்தேன். ஜூன் முதல் வாரத்தில் குட்டிகளைக் ‘குட்டியானை’ என்னும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளைக் குட்டி இந்த முறை கிடையில் தங்கிவிட்டது. புதுக் கூட்டாளிகள் இரண்டையும் விட்டு நகரவில்லை என்று கீதாரி சொன்னாராம். கன்றுதான் இரண்டு நாள் கத்தியது, தீனியில் வாய் வைக்கவில்லை. பாட்டி அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு வீடு தள்ளி இன்னொரு குடும்பத்திலும் ஒரு கன்று தனியாகக் கட்டிக் கிடந்தது. அவர்களிடம் பேசி, பகலில் இரண்டையும் தன் கொட்டிலிலேயே விட ஏற்பாடு செய்துவிட்டார். கன்று இப்போது நன்றாக மேய்கிறது. முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் மாடோ ஆடோ வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கன்றையும் செம்மறிக்குட்டியையும் ஒன்றாக வளர்க்க நேர்ந்தால் மாட்டுக்கு வைக்கும் தாது உப்பைக் குட்டி நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள தாமிரத்தின் அளவு மாட்டுக்கு வேண்டியது, செம்மறிக்கு நஞ்சு. கால்நடை மருத்துவரிடம் இரண்டுக்கும் உரிய தடுப்பூசியைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். எந்தக் குட்டியையும் தனியாக மட்டும் கட்டி வளர்க்காதீர்கள். வீட்டில் ஒரே கன்றுதான் என்றால், பக்கத்து வீட்டுக் கன்றைப் பகலில் உங்கள் கொட்டிலில் விடச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கன்றுக்கும் அது தேவைதான்.